சுவரும் கடல் கடந்து வந்ததுதான்

துபாயில் நான் பார்த்த வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. நெட்வொர்க் இன்ஜினியர் என்பேன். கேட்பவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். இணையச் சேவை நிறுவனங்களின் சர்வர் அறைகளில் வடிகட்டும் பெட்டிகளைப் பொருத்துவதுதான் அந்த வேலையின் பெரும்பகுதி. எந்தத் தளம் திறக்கலாம், எது திறக்கக் கூடாது என்பதைச் செயல்படுத்துகிற பெட்டிகள். தடைப்பட்டியல் மேலிருந்து வரும். பெட்டியை ரேக்கில் ஏற்றுவது, கேபிள் செருகுவது, பட்டியல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிப்பது என் பொறுப்பு. நல்ல சம்பளம். தங்கையின் கல்யாணமும் பாளையங்கோட்டை வீடும் அந்தச் சம்பளத்தில் ஆனவை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. தணிக்கையைத் தாண்ட உதவும் கருவிகளுக்கு அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் பணம் தருகின்றன. அது அடுத்த நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடுவதில்லையா என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பேச்சில் தடுப்புச் சுவர் ஏதோ அந்த மண்ணிலேயே முளைத்தது போலவும், அதைத் தாண்டும் ஏணி மட்டும் வெளியிலிருந்து வந்தது போலவும் ஒரு நினைப்பு இருக்கிறது. சுவர் வந்து இறங்கிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்தவன் நான்.

பெட்டி என்ன செய்கிறது என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அதற்குரிய எண் முகவரியை டிஎன்எஸ் சர்வர் தர வேண்டும். அந்த சர்வரையே பொய் சொல்ல வைப்பது முதல் படி. வேறொரு டிஎன்எஸ் சர்வருக்கு மாறினால் அதைத் தாண்டிவிடலாம். அடுத்த படி, இணைப்பு தொடங்குகிற கணத்தைப் பிடிப்பது. எச்டிடிபிஎஸ் பூட்டு இருந்தாலும், பூட்டு விழும் முன் எந்தத் தளத்தோடு பேசப் போகிறோம் என்பதை உங்கள் கணினி பெரும்பாலும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. ஒட்டிய தபால் உறையின் மேல் விலாசம் தெரிவது போல. மூன்றாவது படிதான் விலை உயர்ந்தது. உள்ளே என்ன போகிறது என்று படிக்க முடியாவிட்டாலும், பாக்கெட்டுகளின் நீளம், வரிசை, இடைவெளி, முதல் சில பைட்டுகளின் அமைப்பு ஆகியவற்றை வைத்து இது தடை தாண்டும் விபிஎன், இது டோர் வலை என்று கண்டுபிடித்து அறுத்துவிடுவது. டிபிஐ என்பார்கள். இதைச் செய்கிற நல்ல பெட்டிகளை அந்தக் காலத்தில் பெரும்பாலும் மேற்கத்திய நிறுவனங்களே தயாரித்தன.

இது என் அனுபவத்தோடு நிற்கிற விஷயமில்லை, பொதுவெளியில் பதிவானது. 2011-இல் சிரியாவில் அரசுக்கு எதிரான போராட்டம் நடந்தபோது, அங்கே இணையத்தை வடிகட்டியவை அமெரிக்காவின் ப்ளூ கோட் கருவிகள் என்று வெளிவந்தது. தடையை மீறி அவை சிரியாவுக்குப் போனதற்காக, துபாயில் இயங்கிய ஒரு விநியோக நிறுவனத்துக்கு 2013-இல் அமெரிக்க வணிகத் துறை 28 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. தொழில் வட்டாரத்தில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. ஈரானியத் தொலைத்தொடர்புக்கு அழைப்புகளைக் கண்காணிக்கும் அமைப்பை விற்றது நோக்கியாவும் சீமென்ஸும் சேர்ந்து நடத்திய நிறுவனம். 2020 ஆகஸ்டில் பெலாரஸ் தேர்தல் முடிந்த கையோடு இணையம் முடக்கப்பட்டபோது, அதில் சாண்ட்வைன் கருவிகள் பயன்பட்டது வெளிச்சத்துக்கு வந்து, அடுத்த மாதம் அந்த நிறுவனம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அந்த நிறுவனத்தின் உரிமை அப்போது ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்திடம் இருந்தது.

எங்கள் அலுவலகத்தின் பில்லிங் பிரிவில் ஷிராஸ் நகரத்துக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். மதியச் சாப்பாட்டு மேசையில்தான் பழக்கம். 2009 ஜூனில் ஈரானில் அதிபர் தேர்தல் நடந்து, முடிவை ஏற்காமல் மக்கள் தெருவுக்கு வந்த நாட்களில் அவர் சாப்பிடவே இல்லை என்று சொல்லலாம். தம்பியும் தங்கையும் உள்ளே. ஃபேஸ்புக் தடை, செய்தித் தளங்கள் தடை. தம்பி ஏதோ ஒரு 'ஃபில்டர்ஷெகன்' வழியாக வந்து செய்தி அனுப்புவார். தடை தாண்டும் எந்த மென்பொருளுக்கும் ஈரானியர் வைத்திருக்கும் பெயர் அது. அப்போது அவர்கள் கையில் அதிகம் இருந்தது ஃப்ரீகேட். அமெரிக்காவில் குடியேறிய ஃபாலுன் கோங் இயக்கத்துப் பொறியாளர்கள் சீனாவின் சுவரைத் தாண்டுவதற்காக எழுதியது, ஷிராஸில் ஒரு வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்திருந்தது. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2006 கடைசியில் வெளியிட்ட சைஃபன் இன்னொன்று.

என் அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர், தொழிற்சங்கத்துக்காரர். எந்த நோட்டீஸைக் கொடுத்தாலும் அச்சடித்தது யார், காசு யாருடையது என்று அடியில் பார்க்கச் சொல்லி வளர்த்தவர். அந்தப் பழக்கத்தில் நான் ஷிராஸ்காரரிடம் கேட்டேன்: "இதற்கெல்லாம் அமெரிக்க அரசாங்கம் பணம் தருகிறதாமே, உங்களுக்கு உறுத்தவில்லையா?" 1953-இல் ஈரானில் தேர்ந்தெடுக்கப்பட்ட மொசாடெக் அரசை அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு நிறுவனங்கள் கவிழ்த்த கதையை எனக்குச் சொன்னவரே அவர்தான். அதனால் கேள்வி அவருக்குப் புதிதாக இருக்காது என்று நினைத்தேன்.

"உறுத்துகிறது," என்றார். "நீங்கள் இன்று பொருத்திவிட்டு வந்த பெட்டியின் மேல் எந்த ஊர் முகவரி இருந்தது?"

சொன்னேன்.

"என் தம்பி இரண்டையும் வாங்கித்தான் தீர வேண்டியிருக்கிறது. ஒன்றை அவனைக் கேட்காமல் அவன் தலையில் வைத்தார்கள். இன்னொன்றை அவனே தேடிப் போகிறான்."

கேட்டு வாங்குவதற்கும் கேட்காமல் திணிப்பதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பிறகு எத்தனையோ இடங்களில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதற்காக ஷிராஸ்காரர் அமெரிக்காவை நம்பினார் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கிளர்ச்சியின் நடுவே, பராமரிப்புக்காகச் சேவையை நிறுத்துவதைத் தள்ளிவைக்கும்படி ட்விட்டரை அமெரிக்க வெளியுறவுத் துறை கேட்டுக்கொண்டது செய்தியானபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். தெருவில் நின்றவர்களை அந்நியக் கைக்கூலிகள் என்று சொல்லிக்கொண்டிருந்த அரசுக்கு அது ஒரு சாட்சி போல ஆயிற்று. அதே 2009-இன் மே மாதத்தில்தான், பொருளாதாரத் தடையைக் காரணம் காட்டி மைக்ரோசாஃப்ட் தன் மெசெஞ்சரை ஈரானியருக்கு நிறுத்தியிருந்தது. உள்ளேயிருந்து தெஹ்ரானின் சுவர், வெளியேயிருந்து வாஷிங்டனின் சுவர். இரண்டாவது சுவர் மெதுவாகத்தான் இறங்கியது. தனிநபர் தொடர்புக்கான மென்பொருள், கருவிகளை அனுமதிக்கும் பொது உரிமம் 2013 மே மாதத்தில் வந்தது. 2019-இல்கூட ஈரானிய நிரல் எழுதுநர்களின் கணக்குகளைக் கிட்ஹப் முடக்கியது. அமெரிக்கக் கருவூலத்திடம் உரிமம் பெற்று 2021 ஜனவரியில்தான் திறந்துவிட்டது. சுதந்திர இணையத்துக்கு ஒரு துறை பணம் கொடுக்க, அதே மக்களுக்கு இன்னொரு துறை கதவைச் சாத்திவைத்திருந்த ஆண்டுகள் அவை. பணம் கொடுப்பதற்கு முன்னால் தன் பக்கத்துச் சுவரை இறக்கியிருந்தாலே பாதி உதவி ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

2010-இல் ஹேஸ்டாக் என்று ஒரு ஃபில்டர்ஷெகன் வந்தது. ஈரானியருக்காகவே எழுதப்பட்டது, யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்றார்கள். பத்திரிகைகள் புகழ்ந்தன. பரிசு கிடைத்தது. அமெரிக்கக் கருவூலத்தின் ஏற்றுமதி உரிமமும் கிடைத்தது. அதன் நிரலை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. செப்டம்பரில் வெளி ஆய்வாளர்கள் கையில் அது கிடைத்தபோது, பயன்படுத்துபவரைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஓட்டைகள் இருப்பது தெரிந்து, அவசரமாக நிறுத்தப்பட்டது. சோதித்துப் பார்க்க முன்வந்த ஈரானியரின் பாதுகாப்பை வைத்து வெளியில் ஒருவர் நல்ல பெயர் வாங்கியிருக்கிறார் என்று எங்களுக்குத் தோன்றியது. நல்ல நோக்கம் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாட்டினால் சிறைக்குப் போவது யார் என்று கேட்காத நோக்கம் அது.

டோரின் கதை வேறு மாதிரி. அதன் வேர் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. 1990-களின் நடுவில் அங்கே, டோருக்கு அடிப்படையான ஆனியன் ரூட்டிங் முறை உருவானது. ஒவ்வொரு செய்தியும் மூன்று கணினிகள் வழியாகப் போகும். யார் அனுப்பியது, எங்கே போகிறது என்ற இரண்டும் சேர்ந்து எந்த ஒரு கணினிக்கும் தெரியாது. கடற்படை மட்டுமே இதைப் பயன்படுத்தினால், அந்த வழியாக வருகிறவர் எல்லாரும் கடற்படைக்காரர் என்று எதிரி கண்டுகொள்வான். ஆகவே எல்லாருக்கும் திறந்துவிட வேண்டியிருந்தது. கூட்டம் பெருகப் பெருகத்தான் ஒளிய இடம். அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. வல்லரசின் சொந்தத் தேவைக்கே முன்பின் தெரியாத மக்களின் துணை வேண்டியிருந்தது. 2006-இல் டோர் புராஜெக்ட் லாபநோக்கற்ற அமைப்பாக ஆனது. 2015 வாக்கில் அதன் வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் அமெரிக்க அரசுப் பணம். அதைப் படித்தபோது அப்பாவின் குரல் எனக்குள் கேட்காமல் இல்லை.

ஆனால் 2013 அக்டோபரில் ஸ்னோடென் கசியவிட்ட ஆவணங்கள் வழியாக வெளிவந்த விஷயம் இருக்கிறதே: அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ, டோரை உடைக்க முயன்றும் எல்லாரையும் எப்போதும் அடையாளம் காண முடியவில்லை என்று உள்ளுக்குள் சலித்துக்கொண்டிருந்தது. ஒரே அரசின் ஒரு கை பணம் கொடுக்கிறது, இன்னொரு கை உடைக்கப் பார்க்கிறது, முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். நிரல் திறந்து கிடக்கிறது. உலகம் முழுவதும் உள்ள ஆய்வாளர்கள் அதைப் படித்து, குற்றம் கண்டுபிடித்து எழுதுகிறார்கள். பணம் கொடுத்தவர் ரகசிய வாசல் வைக்கச் சொன்னாலும் மறைக்க இடம் குறைவு. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று டோர் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. நோட்டீஸின் அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லியிருப்பேன். அதற்குள் அவர் போய்விட்டார்.

நான் துபாயில் இருந்தபோதே, 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்பாளர்கள் மீது போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். அம்மாவோடு போனில் பேச முடிந்தது. "ஒண்ணுமில்லய்யா, நாங்க நல்லாத்தான் இருக்கோம்" என்றார். வீட்டுக்கு ஒன்றுமில்லை, சரி. ஊருக்கு என்ன ஆயிற்று? தொலைக்காட்சி காட்டுவதற்கும் உறவினர் சொல்வதற்கும் பொருந்தவில்லை. அங்கே நின்றவர்கள் எடுத்த படங்கள் எதுவும் வரவில்லை. ஷிராஸ்காரர் என் மேசைக்கு வந்து, எதுவும் கேட்காமல், வெளிநாட்டு அழைப்புக்கான கார்டு ஒன்றை வைத்துவிட்டுப் போனார். இந்தியாவையும் ஈரானையும் நான் ஒன்றாக்கவில்லை. நம் ஊரில் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடிந்தது. ஆனால் இணைப்பை அறுக்கும் உத்தரவின் இந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று, அதுவரை அந்தப் பக்கத்து ரேக்கில் வேலை பார்த்தவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்கு அடுத்த ஆண்டு வேலையை விட்டு ஊர் திரும்பினேன்.

திரும்பிய புதிதில், 2019 நவம்பரில், பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்து ஈரான் கொதித்தது. அரசு ஏறக்குறைய முழு நாட்டையும் உலக இணையத்திலிருந்து கிட்டத்தட்ட ஒரு வாரம் துண்டித்தது. உள்நாட்டு வலையமைப்பு மட்டும் ஓடியது. வங்கிகளும் அரசு சேவைகளும் அதில் நடந்தன. அந்த இருட்டில் 304 பேராவது கொல்லப்பட்டதாக ஆம்னெஸ்டி பதிவு செய்தது. எண்ணிக்கை இதைவிட மிக அதிகம் என்றார்கள் வேறு சிலர். அந்த வாரம் ஃபில்டர்ஷெகன்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. குழாயில் தண்ணீரே வராதபோது வடிகட்டியைத் தாண்டி என்ன? கருவிகளுக்குப் பணம் கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் இந்த எல்லையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் நம்பிக்கை விற்பது, மக்களைத் தவறான தைரியத்தோடு தெருவுக்கு அனுப்புவது.

2022 செப்டம்பர் 16-இல் ஈரானில் மஹ்சா அமினி என்ற இளம்பெண் போலீஸ் காவலில் இறந்து, போராட்டம் வெடித்த பிறகு நடந்தது வேறு வகை. பகலில் மெதுவான இணைப்பு, மாலையில் மொபைல் டேட்டா வெட்டு, வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் தடை. குழாய் முழுதாக அடைபடவில்லை. அங்கே கருவிகளுக்கு வேலை இருந்தது. ஷிராஸ்காரர், அப்போது அவரும் துபாயை விட்டிருந்தார், ஒரே ஒரு வரி அனுப்பினார்: ஸ்னோஃப்ளேக் போடு.

ஸ்னோஃப்ளேக் என்பது டோரின் ஒரு பக்க வாசல். தொண்டர் ஒருவர் தன் பிரவுசரில் சின்ன நீட்சி ஒன்றைச் சேர்த்தால், தணிக்கை நாட்டிலிருப்பவரின் போக்குவரத்து அவர் வழியாக டோருக்குள் போகும். வெளியிலிருந்து பார்க்கும் டிபிஐ பெட்டிக்கு அது வீடியோ அழைப்பு போலத் தெரியும். முகவரிகள் ஆயிரக்கணக்கில், நாளுக்கு நாள் மாறுகிறவை. பட்டியல் போட்டுத் தடுக்க முடியாது. பட்டியலைச் சோதித்துப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், இது எனக்குப் பார்த்தவுடனே புரிந்தது. டோரின் கடைசி வாசலை, அதாவது எக்ஸிட் ரிலேயை, வீட்டிலிருந்து நடத்த எனக்குத் துணிவில்லை. அடுத்தவர் செய்யும் குற்றமும் நம் முகவரியில் பதிவாகும். ஆஸ்திரியாவில் ஒருவர் அப்படி வழக்கில் மாட்டித் தண்டிக்கப்பட்டதைப் படித்திருந்தேன். ஸ்னோஃப்ளேக்கில் அந்தப் பயம் இல்லை, போக்குவரத்து நம்மிடமிருந்து டோருக்குள்தான் போகிறது. அக்டோபர் 4-இல் ஈரான் அதன் கைரேகையைக் கண்டுபிடித்து அடைத்தது. இணைப்பின் தொடக்கத்தில் மென்பொருள் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முறை சாதாரண பிரவுசரிலிருந்து மாறுபட்டிருந்ததைப் பிடித்துவிட்டார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் தேடியிருப்பேன். டோர் பொறியாளர்கள் சரிசெய்து மறுபடி வெளியிட்டார்கள். இந்தத் துரத்தலுக்கு ஓய்வில்லை, ஆகவே சம்பளம் வாங்கி முழுநேரம் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் வேண்டும். தொண்டு உள்ளம் மட்டும் போதாத இடம் இது. பணம் வேண்டும்.

அந்தப் பணம் எப்படி நின்றுபோகிறது என்பதையும் பார்த்தாயிற்று. ஓப்பன் டெக்னாலஜி ஃபண்ட் 2012-இல், அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்த ரேடியோ ஃப்ரீ ஏஷியாவின் குடையில் தொடங்கியது. சிக்னல் செயலியின் தொடக்க காலச் செலவுக்கும், டோருக்கும், இன்னும் பலவற்றுக்கும் கொடுத்தது. 2020-இல் அதற்குப் பணம் தரும் அமெரிக்க அரசு மேலமைப்புக்கு வந்த புதிய தலைவர் நிர்வாகக் குழுவையே மாற்றப் பார்த்தார்; நீதிமன்றம் தடுத்தது. பணம் வராமல் பெரும்பாலான திட்டங்களை நிறுத்திவைத்தார்கள். பெலாரஸ் கொந்தளித்த அதே ஆகஸ்ட் மாதம். 2025 மார்ச் 14-இல் மேலமைப்பையே சுருக்கச் சொல்லி அமெரிக்க அதிபரின் ஆணை வந்தது. உடனே நிதி ரத்துக் கடிதமும் போனது. ஃபண்ட் வழக்குப் போட்டபின் ரத்தைத் திரும்பப் பெற்றார்கள். மின்ஸ்கிலும் ஷிராஸிலும் ஒருவர் வெளியுலகைப் பார்க்கலாமா என்பது வாஷிங்டனில் யார் தேர்தலில் ஜெயித்தார் என்பதைப் பொறுத்திருக்கிறது. இதுதான் வெளிநாட்டு உதவியில் எனக்குள்ள பெரிய வருத்தம். உளவு, சூழ்ச்சி என்ற பயத்தைவிட இது நிஜமானது.

சூழ்ச்சி நடக்காமலும் இல்லை. கியூபாவில் ஜுன்ஜுனியோ என்று குறுஞ்செய்திச் சேவை ஒன்றை அமெரிக்க உதவி நிறுவனம் தன் பெயரை மறைத்து நடத்தியது 2014-இல் வெளிவந்தது. அதில் சேர்ந்த கியூபர்களுக்குப் பின்னணி தெரியாது. அமெரிக்க ஒப்பந்தக்காரர் ஆலன் கிராஸ், கியூபாவின் யூதர்களுக்குச் செயற்கைக்கோள் இணையக் கருவிகளைக் கொண்டுபோனதற்காக 2009 டிசம்பரில் கைதாகி ஐந்து ஆண்டு சிறையிலிருந்தார். கருவியைத் தொட்டுப் பயன்படுத்துகிறவனிடமே மறைத்துக் கொடுக்கும் உதவியை நான் உதவி என்று ஏற்கமாட்டேன், யார் கொடுத்தாலும்.

ஊரில் ஒரு பொறியியல் கல்லூரிக்கு அவ்வப்போது பேசப் போகிறேன். போன முறை ஒரு மாணவி கேட்டாள்: "அமெரிக்கக் காசு வாங்குறதுக்கு, பிளே ஸ்டோர்ல ஃப்ரீயா கிடைக்கிற விபிஎன் பரவாயில்லையே சார்?" ஃபேஸ்புக் தன்னிடமிருந்த ஓனவோ விபிஎன் வழியாக, மக்கள் எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று வேவு பார்த்ததையும், ஹோலா தன் பயனாளர்களின் இணைப்பையே வெளியாருக்கு விற்றது 2015-இல் தெரிந்ததையும் சொன்னேன். துபாய் கேம்ப்களில் நம் ஆட்கள் வீட்டுக்கு வீடியோ கால் பேச எந்தச் செயலியையெல்லாம் இறக்கினார்கள் என்பதையும் சொன்னேன். இலவசத்துக்கும் யாரோ பணம் கொடுக்கிறார்கள், அது யாரென்று அங்கே எழுதியிருப்பதில்லை. பிறகு டோரின் வரவு செலவுப் பக்கத்தைத் திரையில் திறந்து, ஸ்வீடன் அரசின் உதவி நிறுவனமான சீடா, தனிநபர் நன்கொடைகள், அமெரிக்க வெளியுறவுத் துறை என்று ஒவ்வொரு வரியாகக் காட்டினேன். "இதில் இந்தியா எங்கே சார்?" என்றாள். இல்லை என்றேன். 2022-இல் நம் அரசு விபிஎன் நிறுவனங்களிடம் வாடிக்கையாளர் பெயர், முகவரி விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்கச் சொன்னதையும், சில நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போனதையும் அடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வரவுப் பக்கத்தில் ஒரே நாட்டின் பெயர் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் வரை ஷிராஸ்காரரின் தம்பி போன்றவர்களுக்கு நிம்மதி கிடையாது. இருபது நாடுகள் கொடுக்கட்டும், வெளிப்படையாகக் கொடுக்கட்டும், ஒன்று நின்றால் மற்றது தாங்கட்டும். பெட்டி விற்ற நாடுகளின் பெயர்கள் அதில் முதலில் வர வேண்டும் என்பேன். நானும் மாதாமாதம் ஒரு சிறிய தொகை அனுப்புகிறேன். சுவரில் வாங்கிய சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை என்பது எனக்குத் தெரியும்; அனுப்புவதை நிறுத்தப் போவதில்லை.